உள்கடன் நோட்டில் ஏறும் கம்பெனிச் செலவு



இந்த மாதப் பாடத்தைப் படிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. உங்கள் குழுவின் உள்கடன் நோட்டை எடுங்கள். கடந்த 12 மாதத்தில் கொடுத்த கடன்களில் "நோக்கம்" என்று எழுதியிருக்கும் பத்தியை மட்டும் பாருங்கள். கறவை மாடு, பள்ளிக் கட்டணம், கல்யாணம், வீட்டு ரிப்பேர் என்று இருக்கும். நடுவில் "மருத்துவச் செலவு" என்றும் இருக்கும். அந்த வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு கேள்வியைப் பென்சிலால் எழுதுங்கள்: நோய் வந்தது யாருக்கு, அவர் எங்கே வேலைக்குப் போகிறார்?

ஓசூர், சூளகிரி, பாகலூர், பேரிகை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குழுக்களில் இப்படிப் பார்த்தால் ஒன்று தெரியும். அந்தக் கடன்களில் ஒரு பகுதி கம்பெனி வேலைக்குப் போகிற உறுப்பினருக்கோ, அவர் மகளுக்கோ, மருமகளுக்கோ, கணவருக்கோ வாங்கியதாக இருக்கும். கை மிஷினில் மாட்டியது, நாள் முழுக்க நின்று இடுப்பு பிடித்துக்கொண்டது, சிறுநீர்க் கடுப்பு, பிரசவம் என்று காரணம் இருக்கும். சட்டப்படி இதில் பெரும்பாலான செலவை ஏற்க வேண்டியது கம்பெனியும் ஈ.எஸ்.ஐ.யும். ஆனால் நூற்றுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் வட்டி போட்டு நாம் சந்தா கட்டிச் சேர்த்த பணத்தில் அது போகிறது. கம்பெனியின் செலவை மகளிர் குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, நாமும் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதன்முதலில் தொடங்கியதே நம் பகுதியில்தான். 1989ல் ஐஃபாட் நிதி உதவியோடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் அன்றைய தருமபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தபோது கிருஷ்ணகிரியும் ஓசூரும் அதற்குள் இருந்தன. கந்துவட்டியில் இருந்து தப்பிக்கச் சேர்த்த காசு அது. அந்தக் காசு இப்போது எங்கே போகிறது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

யாருடைய கம்பெனி?

"நீ எந்தக் கம்பெனிம்மா?" என்று கேட்டால் நம் பெண்கள் பெரிய பெயரைச் சொல்வார்கள். சட்டையில் அந்தப் பெயர் தைத்திருக்கும். சம்பளச் சீட்டைக் காட்டச் சொன்னால் வேறு பெயர் இருக்கும், ஏதோ ஒரு மேன்பவர் சர்வீஸ். தங்கும் ஹாஸ்டலை நடத்துவது மூன்றாவது ஆள். சாப்பாடு போடுவது நான்காவது ஆள். பஸ் ஓட்டுவது ஐந்தாவது ஆள்.

பொருளின் பக்கம் இருந்து பார்த்தாலும் இதே கதைதான். ஒரு பைக்கை ஓசூரில் பூட்டுகிறார்கள் என்றால் அதன் உதிரி பாகங்களில் சில சிப்காட்டில் உள்ள ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் இருந்து வருகின்றன. அந்தப் பட்டறை இன்னொரு சின்னப் பட்டறைக்கு ஜாப் ஒர்க் கொடுக்கிறது. கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் வெளிநாட்டில் ஜூஸ் பாட்டிலாகிறது. கூழ் ஆலையில் சீசனுக்குப் பழம் நறுக்கும் பெண்ணுக்கு அந்த ஜூஸ் கம்பெனியின் பெயரே தெரியாது. பர்கூர்ப் பக்கத்து கிரானைட்டும், ஓசூர் ரோஜாவும் அப்படியே. பொருள் கை மாறி மாறிப் போகும் இந்த வரிசையைத்தான் விநியோகச் சங்கிலி என்கிறார்கள். மேலே இருப்பவருக்கு லாபம் அதிகம், கீழே இருப்பவருக்கு உடம்பு வலி அதிகம். எதாவது நடந்தால் ஒவ்வொருவரும் "அது எங்க ஆளு இல்லை, காண்ட்ராக்டர் ஆளு" என்று கையைக் காட்டிவிடுவார்கள்.

இது சரியா? சங்கிலியின் மேல்முனையில் இருக்கும் கம்பெனியால் கீழே இருப்பவரின் உடம்பைக் காக்க முடியுமா? முடியும் என்பதற்கு நம் சென்னை பெங்களூரு ரோட்டிலேயே ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2021 டிசம்பரில் நடந்தது

ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன்களைப் பூட்டுகிறார்கள். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் கிராமங்களில் இருந்து வந்த இளம்பெண்கள். பூந்தமல்லிப் பக்கம் ஹாஸ்டல்களில் தங்கியிருந்தார்கள். 2021 டிசம்பர் நடுவில் ஒரு ஹாஸ்டலில் சாப்பிட்ட 250க்கும் மேற்பட்ட பெண்களுக்கு வாந்தி பேதி. 159 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி பரவியது. அது உண்மையில்லை. ஆனால் தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லாததால் பயம் கோபமாக மாறியது. டிசம்பர் 17 இரவு பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் வரை மறியல் நடந்தது. ஆலை மூடப்பட்டது.

அதன் பிறகுதான் உள்ளே இருந்தது எல்லாம் வெளியே வந்தது. ஒரு அறையில் 6 பேரில் இருந்து 30 பேர் வரை. சில இடங்களில் தண்ணீர் வசதியோடு கூடிய கழிப்பறை இல்லை. சமையல் கூடத்தில் எலி, கழிவுநீர் போக வழியில்லை. உணவுப் பாதுகாப்புத் துறை அந்தச் சமையல் கூடத்தை மூடியது. ஆப்பிள் தன் சார்பில் தணிக்கையாளர்களை அனுப்பியது. டிசம்பர் 29 அன்று, ஊழியர்கள் தங்கிய சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஃபாக்ஸ்கான் தன் உள்ளூர் நிர்வாகத்தை மாற்றி அமைப்பதாகவும், சரிசெய்யும் நாட்களுக்கும் சம்பளம் தருவதாகவும் அறிவித்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை மறுபடி திறந்தது, அதுவும் படிப்படியாக.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. போன் விற்கும் கம்பெனி அமெரிக்காவில், பூட்டும் கம்பெனி தைவானைச் சேர்ந்தது, ஹாஸ்டல் பூந்தமல்லியில். ஆனாலும் சம்பவம் நடந்து இரண்டே வாரத்தில் ஹாஸ்டல் அடுப்படி வரை அமெரிக்கக் கம்பெனியின் கை நீண்டது. அப்படியானால் அந்தக் கை முன்பே நீண்டிருக்கலாம். 159 பேர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் நீள வேண்டும் என்று இல்லை. பிறகு தமிழக அரசு சிப்காட் மூலம் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதிகளை 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல காரியம்தான். ரோட்டில் உட்கார்ந்த அந்தப் பெண்களுக்கு இதில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

ஓசூரைச் சுற்றியும் இப்போது எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள், பெரிய பெரிய ஹாஸ்டல்கள் வந்துவிட்டன. நம் குழுப் பெண்களின் மகள்கள் அங்கே இருக்கிறார்கள். வெளி மாநிலப் பெண்களும் இருக்கிறார்கள். மகளுக்குப் போன் பண்ணும்போது "சாப்பிட்டியா" என்று கேட்பதோடு, "சமையல் எங்க நடக்குது, குடிக்கிற தண்ணி எங்கிருந்து வருது, ரூமுக்கு எத்தனை பேரு, ராத்திரி முடியலன்னா யாரைக் கூப்பிடணும்" என்றும் கேளுங்கள்.

சட்டம் யாரைக் கேட்கிறது?

"காண்ட்ராக்டர் ஆளு" என்ற பதிலைச் சட்டம் ஏற்பதில்லை. இதை நம் உறுப்பினர்கள் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டமே, காண்ட்ராக்டர் மூலம் வந்த தொழிலாளிக்கும் முதலில் பணம் கட்ட வேண்டியவர் முதன்மை முதலாளிதான் என்று சொன்னது. அதாவது யாருடைய ஆலைக்குள் வேலை நடக்கிறதோ அவர். கட்டிவிட்டுக் காண்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஈ.எஸ்.ஐ. இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இருக்கிறது. அங்கேயும் இந்தப் பொறுப்பு மாறவில்லை. குடிநீர், கழிப்பறை, உட்கார இடம், கேன்டீன், முதலுதவி போன்றவற்றை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் முதன்மை முதலாளியே தர வேண்டும் என்று பணிப் பாதுகாப்புத் தொகுப்பு சொல்கிறது. வேலைக்கு எடுத்ததற்குக் கடிதமும் கொடுக்க வேண்டும்.

இனி ஈ.எஸ்.ஐ. கணக்கு. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்கு இது பொருந்தும். சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்ந்தது. 2019 ஜூலையில் இருந்து தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் என்று ஆனது. 12,000 ரூபாய் சம்பளம் என்றால் நம்மிடம் பிடிப்பது 90 ரூபாய், கம்பெனி போடுவது 390 ரூபாய். மொத்தம் 480. நாம் பார்ப்பது அந்த 90 ரூபாயை மட்டும்தான். "எதுக்கு மேடம் இதைப் புடிக்கிறாங்க, கையில குடுத்தா காய்கறிக்காவது ஆகும்" என்று சொல்லும் பெண்கள் உண்டு. அந்த 90க்குப் பின்னால் 390 இருக்கிறது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அதற்கு என்ன கிடைக்கும்? வேலையில் சேர்ந்து பதிவான நாளில் இருந்தே தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை. வேலையில் அடிபட்டால், எத்தனை நாள் பணம் கட்டினோம் என்ற கேள்வியே இல்லாமல், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். நிரந்தர ஊனம் ஆனால் மாதாமாதம் உதவித்தொகை. சாதாரண நோய் என்றால் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. இதற்கு ஆறு மாதக் கட்டணக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். நாள் சம்பளம் 400 ரூபாய் என்று வைத்தால் 182 நாளுக்கு 72,800 ரூபாய். எந்தக் குழு உள்கடனாக இதைக் கொடுக்க முடியும்?

இந்தப் பணம் கைக்கு வராமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. பெரும்பாலும் சின்னச் சின்ன ஏமாற்றுகள்தான். "ஈ.எஸ்.ஐ. புடிக்கிறாங்க மேடம், ஆனா நம்பர் குடுக்கல" என்பது நான் அடிக்கடி கேட்கிற பேச்சு. பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது, பாதி நாளுக்கு மட்டும் கட்டுவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்டர் பெயரை மாற்றிப் புது நம்பர் போடுவது என்று பல வழி. புது நம்பர் போட்டால் பழைய நாட்கள் கணக்கில் சேராது, பிரசவப் பணம் கை நழுவும். ஆகவே ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு ஆளுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே ஈ.எஸ்.ஐ. நம்பர்தான். கம்பெனி மாறினாலும் காண்ட்ராக்டர் மாறினாலும் பழைய நம்பரைச் சொல்லியே சேர வேண்டும். அந்த நம்பரைக் குழு நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதி வையுங்கள், போன் தொலைந்தால் உதவும்.

எல்லைக்கு இரண்டு பக்கமும்

நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீடு ஜூஜூவாடியில், வேலை அத்திப்பள்ளியில். வீடு தளியில், வேலை ஜிகிணியில். காலையில் ஐந்தரை மணி வேனில் எல்லை தாண்டிப் போய் இருட்டிய பிறகு வருகிறார்கள். "நம்ம கார்டு கர்நாடகா கார்டு, இங்க செல்லாது" என்று பலர் நம்பிக்கொண்டு தனியார் கிளினிக்கில் காசு கொடுக்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. நாடு முழுவதற்கும் ஒன்றுதான். வீட்டுப் பக்கத்து மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளலாம். தொழிலாளி ஓரிடத்திலும் குடும்பம் வேறு மாநிலத்திலும் இருந்தாலும் இரண்டு பேருக்கும் அவரவர் இடத்தில் சிகிச்சை உண்டு. ஓசூரிலேயே ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையும் கிளை அலுவலகமும் இருக்கின்றன.

அங்கே போனால் நேரம் ஆகிறது, சில மருந்து இல்லை என்கிறார்கள் என்ற குறையும் எனக்குத் தெரியும். உண்மைதான், வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகிறது. இங்கேதான் கம்பெனி உதவ முடியும். மருந்தகத்துக்குப் போய் வர அரை நாள் சம்பளத்தோடு அனுமதி கொடுத்தால் பாதிப் பெண்கள் நோயை முற்ற விடாமல் போய்க் காட்டிவிடுவார்கள். கம்பெனிக்கு இது பெரிய செலவே இல்லை.

விரல் போன பிறகு கார்டு

ஹரியானாவில் மானேசர், பரிதாபாத் என்று கார், பைக் உதிரி பாகம் செய்யும் ஊர்கள் இருக்கின்றன. நம் ஓசூர் மாதிரிதான். அங்கே சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு, மிஷினில் அடிபட்ட தொழிலாளிகளுக்கு ஈ.எஸ்.ஐ. பணம் வாங்கித் தர உதவுகிறது. 2019ல் இருந்து "கிரஷ்டு" என்ற பெயரில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. பவர் பிரஸ் மிஷினில் விரல் இழந்தவர்கள் அதில் ஏராளம். அடிபட்டவர்களில் பலருக்கு ஈ.எஸ்.ஐ. கார்டே விபத்து நடந்த பிறகுதான் போட்டிருக்கிறார்கள். சேர்ந்த நாளிலேயே போட வேண்டியது அது! இந்த விபத்துகளில் பெரும்பாலானவை பெரிய கார் கம்பெனியின் சொந்த ஆலையில் நடக்கவில்லை. அதற்கு பாகம் கொடுக்கும் சின்ன ஆலைகளில் நடந்தன. ஆகவே அந்த அமைப்பு பெரிய கம்பெனிகளிடம் போய், உங்கள் சங்கிலியில் நடப்பதற்கு நீங்கள் பொறுப்பெடுங்கள் என்று கேட்கிறது.

பெரிய கம்பெனி நினைத்தால் இதைச் செய்ய வழி இருக்கிறது. பாகத்தின் அளவு ஒரு நூல் பிசகினால் லாரி லோடையே திருப்பி அனுப்புகிறவர்கள் அவர்கள். தரம் பார்க்க ஆள் அனுப்புகிறார்கள். அதே ஆள் பிரஸ் மிஷினில் சென்சார் வேலை செய்கிறதா, இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஓடுமாறு இருக்கிறதா என்று பார்க்கலாம். காண்ட்ராக்டரின் பில்லைப் பாஸ் பண்ணும் முன் அந்த மாதம் ஒவ்வொருவர் பெயரிலும் ஈ.எஸ்.ஐ. கட்டிய பட்டியலைக் கேட்கலாம். பட்டியல் இல்லை என்றால் பில் இல்லை. இந்த ஒரு விதி போதும், நான் மேலே சொன்ன ஏமாற்றுகளில் பாதி நின்றுவிடும்.

நம் பக்கத்தில் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று: அடிபட்டவரை ஈ.எஸ்.ஐ.க்குக் கொண்டு போகாமல் தனியார் மருத்துவமனையில் தையல் போட்டு, "எல்லாச் செலவும் நாங்க பாத்துக்கிறோம்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தும் வாங்குவார்கள். அந்த நேரத்தில் அது உதவியாகத்தான் தெரியும். விபத்து அறிக்கை பதிவாகவில்லை என்றால், பிறகு ஊனத்துக்கான மாத உதவித்தொகை வாங்குவது மலை ஏறுகிற வேலை. வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். விபத்து நடந்த நாள், நேரம், மிஷின், கூட இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

சத்தமில்லாத நோய்கள்

வாந்தி பேதியும் விரல் வெட்டும் வெளியே தெரியும். நம் பெண்களைத் தின்பது பெரும்பாலும் வெளியே தெரியாத நோய்.

லைனில் நிற்கும் பெண் கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். சில இடத்தில் டோக்கன் கூட உண்டு. ஆம்பளை சூப்பர்வைசரிடம் எத்தனை தடவை கேட்பது? அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. காலை வேன் ஏறியதில் இருந்து மாலை வரை ஒரு டம்ளர். சிறுநீர்த் தொற்று வராமல் என்ன செய்யும்? மருந்து கொடுத்துச் சரிசெய்தாலும், வேலை முறை மாறாவிட்டால் திரும்பவும் வரும். இதற்கு ஆஸ்பத்திரி தேவையில்லை. லைனுக்கு ஒரு ரிலீவர் தேவை, அதாவது யாராவது எழுந்து போனால் அந்த இடத்தில் நிற்க ஒரு கூடுதல் ஆள். ஒரு ஆள் சம்பளம்!

மாதவிடாய் வலிக்கு மாத்திரை கொடுக்கும் கதை இன்னும் மோசம். 2019ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் இருந்த சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். வலி என்று சொன்னால் லீவு கொடுக்காமல், பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத மாத்திரையைக் கையில் கொடுத்து வேலையைத் தொடரச் சொன்னது தெரிய வந்தது. நீங்களும் கவனியுங்கள். அட்டையில் பெயர் இல்லாத மாத்திரையை வாங்காதீர்கள். "இது என்ன மாத்திரை, யார் எழுதிக் குடுத்தது" என்று கேட்பது தப்பில்லை.

இரத்தசோகையும் அப்படித்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. லைனில் மயங்கி விழுந்தால் "காலைல சாப்பிடாம வந்திருப்பா" என்று சொல்லிவிடுவார்கள். கம்பெனி கேன்டீனில் வாரம் இரண்டு நாள் கீரை, சுண்டல், நம் ராகிக் களி போட்டால் செலவு கூடாது, குறையத்தான் செய்யும். (சாப்பிட்ட உடனே டீ குடிக்கும் பழக்கத்தை நாமும் விட வேண்டும். உணவில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ குறைத்துவிடும்.)

கிரானைட் அறுக்கும், பாலிஷ் போடும் இடங்களில் கணவரோ மகனோ வேலை செய்தால் இன்னும் கவனம் வேண்டும். கல் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோயை முழுதாகக் குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, அந்தத் தூசி துணியைத் தாண்டிப் போகும் அளவுக்குப் பொடி. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி வெகுவாகக் குறையும். பசுமைக்குடிலில் ரோஜா வெட்டும் பெண்கள், மருந்து அடித்து எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே போகலாம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே போக வேண்டும். மருந்து டப்பாவிலேயே அது போட்டிருக்கும்.

முகாம் போட்டால் போதுமா?

கம்பெனிகள் நம் ஊர்களில் கண் முகாம், சர்க்கரை முகாம் நடத்துகின்றன. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைத்தான் சி.எஸ்.ஆர். என்கிறோம். நம் கூட்டமைப்பும் அதில் சில உதவிகள் பெற்றிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தன் சொந்த ஊழியருக்கு மட்டும் செய்வதை சி.எஸ்.ஆர். கணக்கில் காட்டவே முடியாது என்று விதி இருக்கிறது. ஏனென்றால் தொழிலாளியின் உடம்பைப் பார்த்துக்கொள்வது தர்மம் இல்லை, அது இரும்பு, கரண்டு மாதிரி உற்பத்திச் செலவு. வெளியே முகாம் பேனர் கட்டிவிட்டு உள்ளே கழிப்பறைக்கு டோக்கன் கொடுத்தால் அதை நாம் கைதட்டி வரவேற்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இந்த எண்ணம் வருவதற்கு ஒரு பெரிய துயரம் தேவைப்பட்டது. 2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேஷில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தையல் தொழிலாளிகள். அதன் பிறகு 200க்கும் மேற்பட்ட துணி பிராண்டுகள், ஆலைக் கட்டடங்களின் பாதுகாப்புக்குத் தாங்களும் பொறுப்பு என்று சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. நம் திண்டுக்கல்லிலும் 2022 ஏப்ரலில் ஒரு ஒப்பந்தம் ஆனது. பெண்கள் பெரும்பாலோராக இருக்கும் ஒரு தொழிற்சங்கமும், ஆலை நிர்வாகமும், வெளிநாட்டு பிராண்டுகளும் அதில் இருந்தன. வேலையிடத்தில் பெண்கள் மீது நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க, தொழிலாளிப் பெண்களிலேயே கண்காணிப்பாளர்களைப் பயிற்சி கொடுத்து நியமித்தார்கள். மனம் பயந்துகொண்டே இருந்தால் உடம்பும் நன்றாக இருக்காது, இதுவும் உடல்நலப் பாடம்தான்.

பிராண்டுகள் பேசாத ஒரு விஷயமும் உண்டு. ஆர்டரை அவசரமாகக் கேட்டு, விலையையும் குறைத்துவிட்டு, "தொழிலாளியை நல்லா பாத்துக்கோங்க" என்று சின்ன ஆலைக்குக் கடிதம் எழுதினால் என்ன பயன்? அந்த அவசரம் ஓவர்டைமாகவும், குறைந்த விலை ரிலீவர் இல்லாத லைனாகவும் மாறுகிறது. உடல்நலத்துக்கு ஆகும் காசை விலையிலேயே சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

நம் கையில் இருக்கும் ஒரு நல்ல வாய்ப்பையும் சொல்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் தொடங்கி வைத்தது நம் மாவட்டம் சாமனப்பள்ளியில். வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்கள் மகளிர் குழுப் பெண்களே. 2024ல் இருந்து வேலையிடங்களுக்கும் இந்தத் திட்டம் போகிறது. ஷிப்டுக்குப் போகும் பெண் பகலில் வீட்டில் இருக்க மாட்டாள், அதனால் இது முக்கியம். ஆனால் ஆலைக்குள் பரிசோதனை நடக்கும்போது நிரந்தரத் தொழிலாளிகளை மட்டும் கூப்பிட்டு, காண்ட்ராக்ட் பெண்களை லைனிலேயே நிற்க விடக் கூடாது. புதிய சட்டத் தொகுப்பின்கீழ் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருடம் ஒருமுறை இலவசப் பரிசோதனை என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. நம் ஆலைகளில் நிற்பவர்களில் பாதிப்பேர் 25 வயதைத் தாண்டாதவர்கள். அவர்களுக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நாம் கேட்கலாம்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

தனியாக ஒரு பெண் போய் எச்.ஆர். அறையில் கேட்டால் அடுத்த வாரம் "வேலை இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால் பெயர் சொல்லாமல் கூட்டமைப்பாகக் கேட்போம். இந்த மாதக் கூட்டத்தில் ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். கம்பெனியின் பெயர், சம்பளச் சீட்டில் உள்ள காண்ட்ராக்டர் பெயர், நம் குழுவில் அல்லது குடும்பத்தில் எத்தனை பேர் அங்கே போகிறார்கள், எத்தனை பேருக்கு ஈ.எஸ்.ஐ. நம்பர் கையில் இருக்கிறது, கடந்த ஒரு வருடத்தில் அவர்களின் வைத்தியத்துக்குக் குழுவில் வாங்கிய உள்கடன் எவ்வளவு. ஆள் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். வீட்டில் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர்களையும், மாம்பழ சீசன் வேலைக்குப் போகிறவர்களையும் தனி வரியில் எழுதுங்கள். ஈ.எஸ்.ஐ. கைக்கு எட்டாமல் போகிறவர்கள் அவர்களில் அதிகம். அவர்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இ-ஷ்ரம் பதிவும் இருக்கிறதா என்பதையும் குறியுங்கள்.

பல ஊர்த் தாள்களைச் சேர்த்தால் ஒரே கம்பெனியின் பெயர் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கம்பெனிக்குக் கூட்டமைப்புத் தலைவி, செயலாளர் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதலாம். கணக்கோடு போகும் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1000 கம்பெனிகள், தொழிலாளரின் உடல்நலக் காப்பீடு, விபத்து விவரங்களை 2022-23ல் இருந்து செபி விதிப்படி வருடாந்திர அறிக்கையில் சொல்ல வேண்டும். நம் கணக்கு அவர்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று கேட்பது மரியாதையான கேள்விதான்.

பதில் வராவிட்டால், ஈ.எஸ்.ஐ. கட்டாத புகாருக்கு ஓசூர் கிளை அலுவலகமும், கட்டணமில்லாத தொலைபேசி 1800-11-2526ம் இருக்கின்றன. மிஷின் பாதுகாப்பு, கழிப்பறை, தூசி பற்றிய புகாரை ஓசூரில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுக்கலாம். புகார் கொடுப்பவர் பெயரை ரகசியமாக வைக்கும்படி மனுவிலேயே எழுதுங்கள்.

கட்டம் போட்ட தாளை ஊக்குநர்கள் அடுத்த பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். எழுதத் தெரியாத குழுக்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். சம்பளச் சீட்டு இருப்பவர்கள் அதன் நகலையும் கொண்டு வாருங்கள், ஈ.எஸ்.ஐ. பிடித்தம் எங்கே போட்டிருக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம்.